இருமாத நேரங்கள்

மூச்சுக்குழாய் தளர்ந்துபோன சின்ன நாயை வளர்த்தவர்களிடம் அந்த வருடங்களைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ராத்திரிகளைப் பற்றித்தான் பேசுவார்கள். நானும் அப்படித்தான். ஒரு பொமரேனியனையும் அதோடு சேர்த்து இந்த நோயையும் வளர்த்த வீடு எங்களுடையது. அந்தக் காலத்தை யோசித்தால் முதலில் காதுக்கு வருவது அந்தச் சத்தம்: வாத்து கத்துகிற மாதிரி வறண்டு, உரத்து, அடுக்கடுக்காக வரும் இருமல், கடைசியில் ஏதோ சிக்கிக்கொண்டதைக் கக்கப் பார்ப்பதுபோல ஓர் ஓங்கரிப்பு. கக்குவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. கேட்பவர்களுக்குப் பதற்றம் வரும், பதற்றத்தோடு பார்த்தது மனதில் ஆழமாகப் பதியும். ஆனால் யோசிக்க யோசிக்க எனக்கு உறுதிப்படுவது, இந்த நோயைப் பொறுத்தவரை நினைவு நம்பத் தகுந்த சாட்சி இல்லை என்பதே. அந்த நாயின் ஆயுளையும் சுகத்தையும் தீர்மானித்தது இருமல் வந்த நிமிடங்களைவிட அது வராமல் கழிந்த மணிநேரங்கள்தாம். ஒன்றும் நடக்காத காரணத்தால் அவை நினைவில் நிற்பதில்லை. நினைவில் நிற்காத காரணத்தால் வைத்தியத்தைப் பற்றி யோசிக்கும்போது கணக்கிலும் சேர்வதில்லை. மருந்து, ஊசி, ஆபரேஷன் என்று நாம் தேடுவதெல்லாம் நினைவில் நிற்கும் நிமிடங்களுக்காகத்தான். கவனிப்பு என்பது மற்ற நேரத்தில் நடக்க வேண்டியது என்பது என் வாதம். அதனால் இங்கே ராத்திரிக் கதைகள் எதுவும் வராது.

உடம்பின் அமைப்பிலிருந்து தொடங்கலாம். நாயின் மூச்சுக்குழாய் சுற்றிலும் கெட்டியான குழாய் அல்ல. சுமார் 35 முதல் 45 வரையான குருத்தெலும்பு வளையங்கள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் லாடத்தைப் போல ஒரு பக்கம் திறந்தது. முதுகை நோக்கிய அந்தத் திறப்பை மெல்லிய தசைச் சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. பொமரேனியன், யார்க்‌ஷயர் டெரியர், சிவாவா, பக், டாய் பூடில் போன்ற சின்ன இனங்களில் சில நாய்களுக்கு இந்தக் குருத்தெலும்பு நீரையும், நீரைப் பிடித்து வைக்கும் கான்ட்ராய்ட்டின் சல்ஃபேட் போன்ற பொருட்களையும் இழந்து மென்மையாகிவிடுகிறது. வளையம் தட்டையாகிறது, சவ்வு தொய்ந்து உள்ளே இறங்குகிறது. ஈரத்தில் ஊறிய காகித உறிஞ்சுகுழலில் இளநீரை வேகமாக இழுத்தால் குழலின் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமே, அதுதான் இங்கேயும். கழுத்துப் பகுதி தளர்ந்திருந்தால் மூச்சை இழுக்கும்போது மடங்கும். மார்புக்குள் இருக்கும் பகுதி தளர்ந்திருந்தால் மூச்சை விடும்போதும் இருமும்போதும் மடங்கும். 1982இல் வகுக்கப்பட்ட நான்கு படிநிலைகளை மருத்துவர்கள் இன்றும் சொல்கிறார்கள்: குழாயின் உள்வெளி கால் பங்கு குறைந்தால் முதல் நிலை, பாதி போனால் இரண்டு, முக்கால் போனால் மூன்று, ஏறக்குறைய மூடிவிட்டால் நான்கு. இந்த எண்களைக் கேட்டு ஆறுதல் அடைகிறவர்கள் ஒரு கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. சீராக ஓடும் காற்றுக்குக் குழாய் தரும் எதிர்ப்பு, ஆரத்தின் நான்காம் அடுக்குக்குத் தலைகீழாக மாறும். ஆரம் பாதியானால் எதிர்ப்பு 16 மடங்கு. இரண்டு மூன்று கிலோ நாயின் சின்னஞ்சிறு குழாயில் மயிரிழை அளவு வீக்கம்கூட மூச்சின் உழைப்பைப் பல மடங்காக்கும். அதே கணக்கை மறுபக்கமிருந்து பார்த்தால், மயிரிழை அளவு வீக்கம் வடிந்தாலே பெரிய நிம்மதி.

இந்த இருமல் மற்ற இருமல்களிலிருந்து வேறுபடும் இடம் ஒன்று உண்டு. பொதுவாக இருமலை மதிக்க வேண்டும் என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். சளியை வெளியே தள்ளுகிறது, அடக்கினால் உள்ளேயே தங்கிவிடும் என்று பாட்டி முதல் டாக்டர் வரை சொல்லக் கேட்டிருக்கிறோம். இங்கே இருமல் விளைவாக வந்து காரணமாக மாறிவிடுகிறது. ஒவ்வொரு இருமலிலும் குழாயின் சுவர்கள் ஒன்றோடொன்று மோதுகின்றன. மோதிய இடம் சிவந்து வீங்குகிறது. வீங்கிய இடம் மேலும் உறுத்துகிறது. உறுத்தல் அடுத்த இருமலைக் கூப்பிடுகிறது. நாளாக நாளாக உட்சுவரில் சளியை மேலே தள்ளிவிடும் நுண்மயிர்களும் அழிகின்றன. ஆக, ஒரு நாள் இருமிய இருமல் மறுநாள் இருமலுக்கு முன்பணம். இந்தச் சுற்றை ஓரிடத்தில் வெட்ட வேண்டும். இருமல் உச்சத்தில் இருக்கும்போது வெட்டுவது மிகக் கடினம். அப்போது நாய் பயந்திருக்கிறது, வாயைத் திறந்து இளைக்கிறது, வீட்டார் கூச்சலிடுகிறார்கள். சுற்று இன்னும் தொடங்காத நேரத்தில் வெட்டுவது எளிது. நான் இருமாத நேரங்களைப் பிடித்துக்கொண்டு பேசுவதற்கு உடற்கூறு தரும் நியாயம் இதுதான். சென்டிமென்ட் எதுவும் இல்லை.

‘இதெல்லாம் சமாளிப்பு. குழாய் மடங்கினால் நிமிர்த்திவிட வேண்டியதுதானே?’ என்பது எதிர்வாதங்களில் வலுவானது. நிமிர்த்தும் முயற்சிகளுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1976இல் ஹாப்சன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் பிளாஸ்டிக் சிரிஞ்சின் கூட்டை வளையங்களாக வெட்டி மூச்சுக்குழாயின் வெளியே மாட்டித் தைத்தார். அந்த யோசனையிலிருந்து வளர்ந்த வெளிவளைய அறுவை இன்றும் செய்யப்படுகிறது. ஆனால் கத்தி எட்டும் கழுத்துப் பகுதிக்குத்தான் அது பொருந்தும். குரல்வளைக்குப் போகும் நரம்பு குழாயை ஒட்டியே ஓடுவதால், அது பாதிக்கப்பட்டால் குரல்வளை செயலிழந்து புதிய மூச்சடைப்பு வரும். அடுத்து வந்தது, நிக்கலும் டைட்டேனியமும் கலந்த நிட்டினால் கம்பியால் பின்னிய ஸ்டென்ட். வெட்டாமல், குழாயின் உள்ளேயே விரித்துவிடலாம்; மார்புப் பகுதிக்கும் எட்டும். மூச்சே விட முடியாத நிலையில் இருக்கும் நாயை ஒரே நாளில் மீட்டுக் கொடுக்கக்கூடியது அது. அதன் மதிப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ஸ்டென்ட் காற்றுக்கு வழி திறக்கும், இருமலை நிறுத்தாது. உலோகம் உள்ளே உறுத்துகிறது. சளி அதில் தங்குகிறது. அதன் விளிம்பில் சதை வளர்ந்து மீண்டும் அடைக்கலாம். தினமும் பலமுறை இருமி இருமிக் கம்பி களைத்து உடைந்தும் போகலாம். ஸ்டென்ட் வைத்த நாய்க்கும் இருமல் மருந்து தொடர வேண்டும், எடை குறைய வேண்டும், கழுத்தில் பட்டை கூடாது. அதாவது அறுவை செய்த பிறகும் வீட்டு வேலை அப்படியே மிச்சம் இருக்கிறது. செலவு செய்துவிட்டோம் என்ற நிம்மதியில் அந்த வேலையை நிறுத்தினால் உடைந்த கம்பியோடு திரும்பி வர நேரிடும்.

மறுபுறம், மருந்தும் வீட்டு மாற்றங்களும் மட்டும் எவ்வளவு தூரம் கொண்டுபோகும்? 1994இல் வொயிட், வில்லியம்ஸ் என்ற இரு மருத்துவர்கள் இந்த நோயுள்ள 100 நாய்களைப் பற்றிய கணக்கெடுப்பை வெளியிட்டார்கள். அறுவைக்கு இதில் உண்மையிலேயே வேலை இருக்கிறதா என்ற கேள்வியே அந்தக் கட்டுரையின் தலைப்பில் இருந்தது. 71 நாய்கள் அறுவை இல்லாமலே ஓர் ஆண்டுக்கு மேல் நன்றாக இருந்தன. இதை அளவுக்கு மீறி எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு வைத்து நடத்திய சோதனை அல்ல அது. லேசான நோயும் கடுமையான நோயும் கலந்திருந்த கூட்டம். ஓர் ஆண்டு என்பது ஆயுளும் அல்ல. மிச்சமிருந்த 29 நாய்களை மறந்துவிட்டுப் பேசுவதும் நேர்மையாகாது. அவற்றில் சிலவற்றுக்காவது கத்தியோ கம்பியோ தேவைப்பட்டிருக்கும். ஆனாலும் அந்த எண்ணிலிருந்து ஒரு முன்னுரிமையை எடுத்துக்கொள்ளலாம்: வீட்டு வேலையை முழுமையாகச் செய்து பார்க்காத நாயை அறுவை மேசைக்கு அனுப்ப அவசரப்பட வேண்டியதில்லை.

‘நோய் எந்த அளவு என்று தெரியாமல் வீட்டிலே என்ன செய்வது, முதலில் ஸ்கேன் எடுக்க வேண்டாமா?’ என்றும் கேட்பார்கள். எடுக்கத்தான் வேண்டும்; அதன் வரம்பு தெரிந்து எடுக்க வேண்டும். சாதாரண எக்ஸ்-ரே ஒரு கணத்தின் படம். குழாய் மடங்குவதோ மூச்சின் ஓட்டத்தில். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் 62 நாய்களை எக்ஸ்-ரேயிலும், ஓடும் படமாகக் காட்டும் ஃபுளோரோஸ்கோப்பியிலும் ஒப்பிட்டு 2007இல் வெளியிட்டார்கள். எக்ஸ்-ரே 8 சதவீத நாய்களில் நோயையே காட்டவில்லை. 44 சதவீதத்தில் மடங்கும் இடத்தைத் தவறாகக் காட்டியது. ஆகவே எக்ஸ்-ரே சுத்தமாக இருக்கிறது என்பதாலேயே நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. வீட்டில் எடுத்த செல்போன் வீடியோ பல சமயம் மருத்துவருக்கு அதிகம் சொல்லும், ஏனென்றால் மேசைமேல் நிற்கும் நாய் பயத்தில் இருமாமலே இருந்துவிடும், அல்லது பயத்தாலேயே வழக்கத்துக்கு மீறி இருமும். இன்னொன்றும் பார்த்தாக வேண்டும். வயதான சின்ன நாய்களுக்கு இதய வால்வு தளர்வதும் சகஜம். வீங்கிய இதய அறை இடது மூச்சுக்கிளையை அழுத்தினால் அதுவும் இருமல்தான். இரண்டும் ஒரே நாயில் சேர்ந்தே இருக்கலாம். இங்கேயும் உதவுவது இருமாத நேரம்: நாய் அசந்து தூங்கும்போது நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணி எழுதி வைப்பது. முப்பதுக்குள் இருந்தால் நிம்மதி. நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம். கைக்கடிகாரமும் பொறுமையும் போதும்.

வீட்டு வேலை என்று சொல்லிக்கொண்டே வருகிறேன். கழுத்துப்பட்டையைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை: கழற்றிவிட வேண்டும், அவ்வளவுதான். மார்பைச் சுற்றிப் போடும் பாடி பெல்ட் எல்லா நாய்க் கடைகளிலும் கிடைக்கிறது. அதிகம் சொல்ல வேண்டியது எடையைப் பற்றி. நம் வீடுகளில் அன்பு என்பதே ஊட்டுவதுதான். 3 கிலோ இருக்க வேண்டிய நாய் 4 கிலோ இருந்தால் பார்ப்பவர்கள் ‘புசுபுசுன்னு இருக்கு’ என்று கொஞ்சுவார்கள். மூன்றில் ஒரு பங்கு கூடுதல் எடை அது. 60 கிலோ மனிதர் 80 கிலோ ஆனதற்குச் சமம். மார்பையும் கழுத்தையும் சுற்றிய கொழுப்பு மூச்சுக்கு இடத்தைக் குறைக்கிறது, வயிற்றுக் கொழுப்பு உதரவிதானத்தை மேலே தள்ளுகிறது, உடம்புச் சூட்டை வெளியேற விடாமலும் தடுக்கிறது. 3 கிலோ நாய் சும்மா படுத்திருக்க நாளொன்றுக்குத் தேவை சுமார் 160 கிலோ கலோரி. ஒரு மாரி பிஸ்கெட்டில் ஏறக்குறைய 25. காலைக் காப்பியோடு அப்பா போடும் ஒன்று, பள்ளியிலிருந்து வந்த பிள்ளை போடும் ஒன்று, டீவி பார்த்துக்கொண்டே தாத்தா ‘பாவம், பாக்குது’ என்று போடும் இரண்டு என்றால் நாளின் தேவையில் பாதிக்கு மேல் பிஸ்கெட்டிலேயே போய்விட்டது. ஒவ்வொருவரும் கொடுத்தது கொஞ்சம்தான். நாய்க்குள் போனது மொத்தம். அதன் உடம்புக்கு ஒரு பிஸ்கெட் என்பது நமக்கு ஒன்பது பிஸ்கெட். கொடுக்காதீர்கள் என்று வீட்டுப் பெரியவர்களிடம் சொல்வது எளிதல்ல என்று தெரியும். வெள்ளரித் துண்டோ வேகவைத்த கேரட்டோ ஒரு கிண்ணத்தில் வைத்து, கொடுக்க நினைக்கிறவர்கள் அதிலிருந்து கொடுக்கட்டும் என்று விட்டால் கொடுக்கிறவருக்கும் வாங்குகிறதற்கும் திருப்தி. எடை வாரத்துக்கு ஒன்றிரண்டு சதவீதம் என்ற கணக்கில் மெதுவாக இறங்கினால் போதும். இந்த நோய்க்கு இதைவிட மலிவான வைத்தியத்தை நான் அறியேன். இதைவிடக் கடினமானதையும் அறியேன்.

அடுத்தது காற்று. தமிழ் வீடு வாசனையும் புகையும் உள்ள வீடு. காலையில் ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி, சாயங்காலம் கொசுவர்த்தி, சமையலறையில் மிளகாய் தாளிக்கும் நெடி, வீட்டில் யாராவது சிகரெட் பிடித்தால் அதுவும். பெரியவர்களே தும்முகிற புகையை, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மூக்கை வைத்துக்கொண்டு, கட்டில் அடியில் வைத்த கொசுவர்த்திக்குப் பக்கத்திலேயே படுத்திருக்கும் நாய் இரவு முழுதும் இழுக்கிறது. ஜன்னலுக்கு வலை அடித்தால் கொசுவர்த்தி தேவையில்லை. சாம்பிராணி போடும் அரைமணி நேரம் நாயை மொட்டை மாடிக்கோ பின்கட்டுக்கோ கூட்டிப் போகலாம், தெய்வம் கோபித்துக்கொள்ளாது. தீபாவளியும் போகியும் நம் கையில் இல்லை. அந்த நாட்களில் உள்ளறையில் கதவைச் சாத்தி வைத்துக்கொள்வதும், சத்தத்துக்கும் பயத்துக்கும் என்ன கொடுக்கலாம் என்று ஒரு வாரம் முன்பே மருத்துவரைக் கேட்டு வைப்பதும்தான் வழி. வெயில் இன்னும் பெரிய எதிரி. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. வாயைத் திறந்து, நிமிடத்துக்கு 300 தடவைகூட இளைத்து, நாக்கிலும் தொண்டையிலும் ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சென்னைக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் ஆவியாவது குறைகிறது. அதனால் இன்னும் வேகமாக இளைக்கிறது. தளர்ந்த குழாயில் அந்த வேகமே சுவர்களை உள்ளிழுக்கிறது. கத்திரி வெயிலில் மாம்பலத்திலிருந்து வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு மத்தியான ஆட்டோவில் கூட்டிப் போனால், எதற்காகப் போகிறோமோ அதை வழியிலேயே கூட்டிக்கொள்வதாகத்தான் ஆகும். விடிகாலை நேரம், ஈரத்துணி, மின்விசிறி, முடிந்தால் ஏசி. ஏசியை ஆடம்பரம் என்று சொல்கிறவர்கள் மே மாத மின்கட்டணத்தை ஸ்டென்ட் செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மருந்தை நான் குறைத்துப் பேசுவதாகத் தோன்றலாம். இல்லை. கோடீன் குடும்பத்தைச் சேர்ந்த இருமல் அடக்கிகள் இந்த நோயில் முதல் வரிசை மருந்துகள். சுற்றை வெட்டும் வேலையை அவை செய்கின்றன. இருமலை அடக்குவது நோயை மறைப்பதாகாதா என்ற ஐயத்துக்கு, இருமலே நோயை வளர்க்கிறது என்று மேலே சொன்னதுதான் பதில். சளியோடு, காய்ச்சலோடு வரும் ஈர இருமல் என்றால் கதை வேறு. அதை அடக்கக் கூடாது. அதனால்தான் மருத்துவர் பார்க்காமல் தொடங்கக் கூடாது என்பது. ஸ்டீராய்டு விஷயத்தில் என் நிலைப்பாடு கொஞ்சம் கடுமையானது. வீக்கத்தை வேகமாக வடிக்கும். சில நாட்களுக்கு அற்புதம். ஆனால் நீடித்தால் பசியை ஏற்றும், எடையை ஏற்றும், இளைப்பையே ஏற்றும், தொற்றை எதிர்க்கும் சக்தியைக் குறைக்கும். நினைவில் நிற்கும் நிமிடங்களைச் சரிசெய்து, நினைவில் நிற்காத மணிநேரங்களைக் கெடுக்கும் மருந்து அது. குறுகிய காலத்துக்கு என்று எழுதிக் கொடுத்ததைப் பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் கொடுப்பது நம் ஊரில் நடக்கிறது. அதைவிட ஆபத்து வீட்டு அலமாரி. நம் சளி மாத்திரைகளில் இருக்கும் பாராசிட்டமால் அளவு மீறினால் நாயின் கல்லீரலையும் ரத்தத்தையும் கெடுக்கும். சர்க்கரை இல்லாத சிரப்புகள் சிலவற்றில் சேர்க்கும் சைலிட்டால் அதன் ரத்தச் சர்க்கரையைத் திடீரென்று வீழ்த்தும். நெஞ்சில் தடவும் தைலத்திலுள்ள கற்பூரம் நக்கினால் நஞ்சு. கற்பூரவல்லிச் சாறு குழந்தைக்கு நல்லது என்பதால் நாய்க்கும் நல்லதாகிவிடாது. வாந்தியும் கழிச்சலும் வரும். பாட்டி வைத்தியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் பாட்டி அதை நாயின் உடம்பில் சோதித்துப் பார்த்தவர் அல்ல.

இவ்வளவையும் ஒப்புக்கொள்கிறவர்களிடமிருந்தும் ஒரு கேள்வி வரும்: ஓடாதே, குரைக்காதே, துள்ளாதே என்று கட்டிப்போட்டு வைப்பது ஒரு வாழ்க்கையா? நியாயமான கேள்வி. வாசலில் ஆள் வந்தால் குரைப்பதும், வீட்டார் திரும்பி வந்தால் சுற்றிச் சுற்றித் துள்ளுவதும்தான் சின்ன நாயின் ஆனந்தம். அந்த ஆனந்தமே இருமலையும் தூண்டுகிறது. என் பதில், குறைக்க வேண்டியது ஆனந்தத்தை அல்ல, அதன் திடீர்த்தன்மையை. காலிங் பெல்லை நிறுத்திவிட்டு வருகிறவர்களைப் போனில் அழைக்கச் சொல்லலாம். வீட்டுக்குள் நுழைந்ததும் கூவி அழைக்காமல், செருப்பைக் கழற்றி, கை கழுவி, நாய் அடங்கிய பிறகு உட்கார்ந்து தடவிக் கொடுக்கலாம். நடையை அடியோடு நிறுத்துவதைவிட, வெயில் ஏறுமுன் மெதுவாக, ஒவ்வொரு கம்பத்தையும் மோந்து பார்க்க விட்டு நடத்துவது நல்லது. மோந்து பார்ப்பது நாய்க்கு ஓட்டத்துக்குக் குறையாத சந்தோஷம். மூச்சுக்கோ செலவு மிகக் குறைவு. இவற்றில் மாறிக்கொள்வது பெரும்பாலும் மனிதர்கள்தாம். அதனால்தான் இது கடினமாக இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மனிதர்களுக்கே வைத்தியம் எட்டாத நாட்டில் ஒரு நாய்க்கு இத்தனையா என்று கேட்பவர்களும் உண்டு. செலவைப் பொறுத்தவரை, மேலே சொன்னவற்றில் பெரும்பகுதி காசு கேட்காதவை. பிஸ்கெட்டை நிறுத்தினால் மிச்சம்கூட. கடமையைப் பொறுத்தவரை வரலாற்றைப் பார்க்க வேண்டும். பொமரேனியன் இயற்கையில் இவ்வளவு சிறிய நாய் அல்ல. வட ஐரோப்பியப் பனிநாய்களின் வழிவந்தது. பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ளவையும் இருந்தன. 1888இல் விக்டோரியா மகாராணி ஃபிளாரன்ஸிலிருந்து மார்க்கோ என்ற சுமார் ஐந்தரைக் கிலோ பொமரேனியனைக் கொண்டுவந்தார். அவரைப் பார்த்து ஊரே சின்ன பொமரேனியனுக்கு ஆசைப்பட்டது. இன்றைய அமெரிக்க கென்னல் கிளப் அளவுகோலின்படி அது சுமார் 1.4 முதல் 3.2 கிலோவுக்குள் அடங்க வேண்டும். மார்க்கோ இன்று வந்தால் போட்டி அரங்கில் பருமன் என்று ஒதுக்கிவிடுவார்கள். நம் ஊரில் பொமரேனியன் என்று வளர்க்கப்பட்டவற்றில் பல, அதைவிடக் கொஞ்சம் பெரிய இந்தியன் ஸ்பிட்ஸ். நம் வெயிலுக்குப் பழகியவை. இப்போது அவை போதவில்லை என்று, ‘டீகப்’ என்ற பெயரில் உள்ளங்கையில் நிற்கும் குட்டிகளைக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள். சிறுமையைத் தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தது மனிதன். அந்தச் சின்னக் குழாயில் மூச்சு விடத் திணறுவது நாய். பலவீனத்தை உண்டாக்கியவர்களுக்கு அதைப் பராமரிக்கும் பொறுப்பும் உண்டு என்பது தர்ம சாஸ்திரம் படிக்காமலே விளங்கக்கூடியது.

கடைசியில் எல்லா வீட்டிலும் வரும் கேள்வி, எப்போது போதும் என்று முடிவு செய்வது. இங்கே நினைவு மிக மோசமாக ஏமாற்றும். பயங்கரமான ஓர் இரவுக்கு மறுநாள் காலை, ‘இனி அதைக் கஷ்டப்படுத்த வேண்டாம்’ என்று தோன்றும். அதே நாய் அன்று மத்தியானம் வெயில் படாத மூலையில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கும். ஓர் இரவை வைத்து முடிவெடுப்பதைவிட, மற்ற நேரங்களை எண்ணுவதே சரியான அளவு: படுத்துத் தூங்குகிறதா, அல்லது படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று உட்கார்ந்தே கழுத்தை நீட்டிக்கொண்டிருக்கிறதா, தட்டைப் பார்த்து வருகிறதா, கூப்பிட்டால் வாலாட்டுகிறதா. அந்த நேரங்கள் இருக்கும்வரை வைத்தியத்துக்கு வேலை இருக்கிறது. அவை வாரக்கணக்கில் சுருங்கி, மருந்துக்குப் பின்னும் திரும்பி வராவிட்டால், மருத்துவரிடம் கருணைச் சாவைப் பற்றி வாய்விட்டுக் கேட்பதில் துரோகம் எதுவும் இல்லை. அதுவரை, இந்த நோயுள்ள நாய் வீட்டில் இருந்தால், இரவில் திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனையின் போன் நம்பரை இன்றே எழுதிக் கதவில் ஒட்டி வையுங்கள். நாக்கோ ஈறோ நீலம் பாய்ந்தாலும், நாய் மயங்கிச் சாய்ந்தாலும் அது விடியும்வரை காத்திருக்கக் கூடிய விஷயம் அல்ல. உடனே ஆக்சிஜன் வேண்டும்.